சத்தமில்லாமல் இறங்கிய வண்டி

இந்தக் கண்டிச் சீமையில் வண்டி ஓட்டுவது என்றால், வண்டியை ஓடவிடாமல் பிடித்துக்கொள்வது. ஊரில் சொன்னால் சிரிப்பீர்கள். நம் பக்கத்துச் சமவெளியில் மாட்டை விரட்டி விரட்டியே நமக்குத் தொண்டை கட்டிவிடும். இங்கே காப்பி மூட்டை ஏற்றிக் கடுகண்ணாவை என்கிற மலை இறக்கத்தில் கால் வைத்தால், மாட்டை வண்டி விரட்டும். அதற்காகச் சக்கரத்தின் பின்னால் குறுக்கே ஒரு மரக்கட்டையைக் கட்டியிருக்கிறார்கள். கயிற்றை இழுத்தால் கட்டை சக்கரத்தின் இரும்புப் பட்டையில் அழுந்தி உரசும், வண்டி அடங்கும். துரைமார் அதைப் பிரேக் என்கிறார்கள், எங்களுக்கு வெறும் கட்டை. வந்து ஒரு வருஷமாகிறது. இறக்கம் வந்தால் இன்னும் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன்.

என் முதலாளி கண்டியில் மஹய்யாவ என்ற இடத்தில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் வியாபாரி. அவர் எனக்குக் கொடுத்தது பழைய வண்டி, எத்தனை பேர் ஓட்டித் தேய்த்ததோ. முதல் நடையிலேயே கட்டை போட்ட கூச்சலில் எனக்கு மானம் போயிற்று. முன்னால் போன சிங்கள வண்டிக்காரர் பண்டா திரும்பிப் பார்த்து, பல் தெரியச் சிரித்து, “சத்தே ஹொந்தாய்!” என்றார். சத்தே என்றால் சத்தம், ஹொந்தாய் என்றால் நல்லது. அந்த அளவுக்குச் சிங்களம் எனக்குத் தெரியும். சத்தம் நன்றாக இருக்கிறதாம்! நம் ஊரில் கிறீச்சிடும் வண்டியைப் பார்த்து, “பாட்டு நல்லாருக்கே” என்று நாம் கேட்பதில்லையா? எண்ணெய் போட வக்கில்லாதவன் என்று அதற்கு அர்த்தம். செல்லாயியை எனக்குக் கொடுக்குமுன் என் மாமனார் காது கொடுத்துக் கேட்டதே என் வண்டி அச்சைத்தான். சத்தமே இல்லை என்றதும் தாம்பூலம் மாற்றினார்.

அன்று சாயங்காலமே செல்லாயியின் விளக்கெண்ணெயை எடுத்து அச்சுக்கு ஊற்றினேன். கூச்சல் போட்ட கட்டைக்கும் தாராளமாக ஊற்றினேன்.

அடுத்த நடையில் வண்டி பூனை மாதிரி இறங்கியது. கொஞ்சம் வழுக்கியது, மழை ஈரம் என்று விட்டுவிட்டேன். அதற்கடுத்த நடையில் காய்ந்த பாதையிலும் வழுக்கியது. கயிறு நைந்திருக்கும் என்று புதுக்கயிறு மாற்றினேன். பட்டை தளர்ந்ததோ என்று தட்டித் தட்டிப் பார்த்தேன், இறுக்கமாகவே இருந்தது. கட்டை தேய்ந்ததோ என்று விரல் வைத்து அளந்தேன், நாலு விரற்கடை மிச்சம். முதலாளியிடம் சொன்னதற்கு, “இடத்து மாட்டுக் கால்ல பெலன் இல்ல. அது புடிக்காம ஈக்கிது” என்றார், இடப்பக்க மாடு வண்டியைத் தடுத்துப் பிடிக்காமல் இருக்கிறதாம். நானும் நம்பி அந்த வாயில்லாத ஜீவனை அடித்தேன். அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளாது, எழுந்து போய் வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவேன். எண்ணெய் மட்டும் குறையவே விடவில்லை. எண்ணெயால் வண்டி கெடும் என்று நம்மில் யாருக்குத் தோன்றும்?

இறக்கத்தில் கையில் கல்லோடு சக்கரத்துக்குப் பக்கத்தில் நடப்பவள் செல்லாயி. வண்டி மீறினால் சக்கரத்துக்கு முன்னால் கல்லைப் போட வேண்டும். அப்போது அவளுக்கு ஏழு மாதம். வேண்டாம் என்றேன், வேறு ஆளுக்கு எங்கே போவது என்றாள்.

நாலாவது நடை. வளைவில் கயிற்றை முழுப் பலத்தோடு இழுத்தும் வண்டி நிற்கவில்லை. “கல்லு! கல்லு!” என்று கத்தினேன். அவள் குனிந்து போட்டாள். சக்கரம் கல்லின் மேல் ஏறி இறங்கி அவள் பக்கம் சாய்ந்தது. அவள் உருண்டு விலகியதும், மாடுகள் மண்மேட்டில் மோதி நின்றதும் ஒரே நேரத்தில் நடந்தன. அவள் சேற்றில் உட்கார்ந்து வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “அசையுது, புள்ள அசையுது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

கீழேயிருந்து வெறும் வண்டியோடு ஏறி வந்த பண்டா ஓடி வந்தார். நேரே கட்டையைத் தொட்டு விரலை முகர்ந்தார். “தெல்?” என்றார். எண்ணெயா என்று கேட்கிறார்.

“ஆமா, ஒவ்வொரு நடைக்கும் நாந்தான் போடுறேன்” என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். என் கவனத்தைப் பாராட்டுகிறார் என்றல்லவா நினைத்தேன்!

அவர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு உள்ளங்கையைச் சக்கரத்தில் அழுத்தி, வாயால் கிறீச்சென்று கத்தி, அசையாமல் நின்று காட்டினார். அடுத்து வாயை மூடிக்கொண்டு, கையைச் சக்கரத்தில் வழுக்கவிட்டு அப்படியே பள்ளத்தை நோக்கி நீட்டினார். “சத்தே ஹொந்தாய்” என்றார், சிரிக்காமல். முதல் நாளும் அவர் கேலி செய்யவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

செல்லாயிக்கும் புரிந்துவிட்டது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். “ஏங்க, இந்த மலையில நம்ம ஆளுக யாரு நிக்கிறாங்க, சத்தத்தக் கேட்டுச் சிரிக்க?”

பண்டா தன் கத்தியால் கட்டையைச் செதுக்கி, மணலும் சாம்பலும் தேய்த்துக் கொடுத்தார். இடத்து மாட்டின் கழுத்தை நான் வெகுநேரம் தடவிக்கொண்டு நின்றேன். மிச்ச இறக்கம் முழுவதும் வண்டி அலறிக்கொண்டே போயிற்று.

மகள் பிறந்து மூன்று மாதமாகிறது. அவளை முதுகில் கட்டிக்கொண்டு செல்லாயி இப்போதும் சக்கரத்தோரம் நடக்கிறாள். கட்டை அலறும்வரை நேரே பார்த்து நடப்பாள், கொஞ்சம் தணிந்தாலும் சட்டென்று திரும்பி என் கையைப் பார்ப்பாள். நான் கயிற்றை இறுக்குகிறேன். சத்தம் ஏற ஏற, நம் தெருவே வாசலில் வந்து நின்று கேட்பதுபோல என் காது சுடுகிறது. தலையைக் குனிந்துகொண்டு இன்னும் இறுக்குகிறேன்.