ஞானமுத்து உபதேசியார் அடுப்பில் போட்ட பதினோரு நோட்டுகள்

உபதேசியார் ஞானமுத்து இறந்த செய்தியை என் மச்சான் சுலைமான்தான் வந்து சொன்னான். சங்கரன்கோவில் பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள என் ஜவுளிக்கடையில் அப்போது நல்ல வியாபாரம். "மச்சான், அந்த அரபி உபதேசி மண்டையப் போட்டுட்டான். கடைசிவரைக்கும் அந்தத் துரோகி யாருன்னு சொல்லாமலே போயிட்டாம்லா" என்று சிரித்தான். அவன் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினேன். பொத்தான்கள் தெறித்தன. எதற்காக அடித்தேன் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

உபதேசியாரை நான் முதலில் பார்த்ததும் அடிக்கப் போன இடத்தில்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் நபியைக் கேவலமாக எழுதிய ஒரு துண்டுப் பிரசுரத்தைப் பஸ் நிலையத்தில் யாரோ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் அரபி தெரிந்த கிறிஸ்தவர் ஒருவர்தான், அவர் வேலையாகத்தான் இருக்கும் என்றார்கள். துணி அளக்கும் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு போனேன். அவர் வாசலில் நாற்காலி போட்டு எழுதிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை கேட்காமல் எழுதும் கையிலேயே போட்டேன். மோதிர விரல் முறிந்தது.

அவர் இடது கையால் பிரசுரத்தை வாங்கிப் பார்த்தார். "இதை நான் எழுதல. ஆனா எழுதினது எங்க ஆளுதான். எந்தெந்த வரி பொய்யின்னு சொல்லும் வே. சொல்லிட்டு அடுத்த அடியை அடியும்" என்றார். உட்கார்ந்து வரி வரியாகச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் விரல் கத்திரிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. நானேதான் அவரை வைத்தியரிடம் கூட்டிப் போனேன். அந்த விரல் கடைசிவரை நிமிரவில்லை.

முஸ்லிம்கள் எதை நம்புகிறார்கள் என்று கிறிஸ்தவர்களுக்காக ஒரு புத்தகம் எழுத அதன் பிறகுதான் முனைந்தார். ஒவ்வொரு பக்கத்தையும் எனக்குப் படித்துக் காட்டுவார். சரி என்று பட்டால் ஓரத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். எனக்குச் சந்தேகம் வந்தால் மார்க்கம் படித்த கடையநல்லூர் ஆலிமிடம் கேட்டு வருவேன். "ஒருத்தன் நம்பிக்கையை அவன் காது கேக்கச் சொல்ல முடியலைன்னா எழுதவே கூடாது. உம்ம கையெழுத்து இல்லாத பக்கம் நான் விடுத கதை" என்பார்.

சண்டையில்லாமல் ஒரு பக்கம் நகர்ந்ததில்லை. ஒருமுறை சலித்துப்போய், "எதுக்கு இந்தப் பாடு? ஒரே உடம்புல ரெண்டு சாமி பாதி பாதியா நிக்குத இந்த ஊர்ச் சாமி மாதிரி ஆளுக்குப் பாதின்னு முடிச்சிரும்" என்றேன். "சாமிக்கு அது முடியும் வே. மனுசனைப் பாதியா வெட்டினா செத்துப் போவான். நீரு முழுசா இரும், நானும் முழுசா இருக்கேன்" என்றார்.

ஈஸா நபி சிலுவையில் அறையப்படவில்லை என்று நாங்கள் நம்புவதை எழுதிய பக்கத்தை அவர் தன் கோயில் கூட்டத்தில் வாசித்தார். மறுப்பு எங்கே என்று கத்தினார்கள். "இது அவங்க நம்புதது. நான் நம்புததை ஞாயித்துக்கிழமை சொல்லுதேன்" என்றாராம். பாட்டுப் புத்தகம் பறந்து வந்து நெற்றியைப் பிளந்தது. படியிலிருந்து இழுத்துத் தள்ளினார்கள். மறுநாள் கட்டோடு கடைக்கு வந்து, "உம்ம கம்பியை விட எங்க பாட்டுப் புத்தகம் கனம் வே" என்று சிரித்தார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் இந்தப் பக்கத்து ஊர்களெல்லாம் மதப் பேச்சில் கொதித்துக் கிடந்தன. உபதேசி நம் மார்க்கத்தைப் பழித்துப் புத்தகம் எழுதுகிறான், நம் ஆள் ஒருவனே உதவுகிறான் என்று வதந்தி கிளம்பியது. சுலைமான் முப்பது பேரோடு வந்து என்னையும் கூப்பிட்டான். போகாவிட்டால் என்மேல் சந்தேகம் வரும். போனேன்.

அவர் மனைவி முற்றத்தில் நெல் அவித்துக்கொண்டிருந்தார். "எவம்ல ஒனக்குச் சொல்லிக் குடுத்த துரோகி? நோட்டை எடுத்துட்டு வா" என்று சுலைமான் உபதேசியாரின் சங்கைப் பிடித்தான். உள்ளே போய்ப் பதினோரு நோட்டுகளையும் எடுத்து வந்தார். பக்கத்துக்குப் பக்கம் என் கையெழுத்து. ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று போய் அத்தனையையும் நெல் அவிக்கும் அடுப்பில் தள்ளினார். பத்து வருட உழைப்பு.

ஆதாரம் போன ஆத்திரத்தில் அவரைக் கீழே தள்ளி மிதித்தார்கள். விறகுக் கட்டையால் வாயில் அடித்தார்கள். தடுக்க வந்த மனைவியைத் தள்ளியதில் அந்த அம்மாளின் கை கொதிக்கிற அண்டாவில் பட்டது. "நீங்களும் ஒண்ணு குடுங்க மச்சான்" என்று யாரோ என்னை முன்னே தள்ளினார்கள். நான் உதைத்தேன். மெல்லத்தான் உதைத்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மெல்ல உதைக்கவில்லை. விலா எலும்பு முறிந்த சத்தம் என் காலுக்குத் தெரியும்.

ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அழுதேன். மன்னித்தேன் என்று அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்தபடியே, "இந்தத் தடவை சிலுவையிலயிருந்து ஆரம்பிப்போம். அதுலதான் நமக்குச் சண்டை ஜாஸ்தி" என்றார். "ஆனா ஓரத்துல ஒண்ணும் போடாதியும். அடுத்தவாட்டியும் நோட்டு கேட்டு வருவானுக."

இரண்டாம் முறை எட்டு நோட்டு எழுதினார். ஒவ்வொரு பக்கமும் எனக்குப் படித்துக் காட்டியதுதான். ஒன்றிலும் என் கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லாத பக்கம் விடுத கதை என்றவர், என் உயிருக்காகத் தன் புத்தகத்தையே அப்படி ஆக்கிவிட்டுப் போனார்.

அடக்கம் முடிந்ததும் அந்த அம்மாள் வெந்து சுருங்கிய கையால் எட்டு நோட்டையும் என்னிடம் கொடுத்தார். அவரிடமிருந்து எனக்கு மிச்சம் இவைதான். நாற்பது நாளாக ஒவ்வொரு பக்கமாக மறுபடி படித்து, ஓரத்தில் முழுப் பெயரையும் எழுதி வருகிறேன். நேற்று கடைசிப் பக்கம் முடிந்தது.

அவரை அறிந்தவர்களும் அடித்தவர்களும் படிப்பதற்காக இதன் கீழும் என் பெயரை எழுதுகிறேன். ஏலே சுலைமான், நீ தேடின ஆளு நான்தாம்ல.

காதர் மைதீன்,
ஜவுளிக்கடை, சங்கரன்கோவில்.