பெரட்டு பேசும் பூதங்கள்

இணையத்தில் நாங்கள் சில பேர் ஒரு மாய உலக விளையாட்டு ஆடுகிறோம். ஆளுக்கு ஓர் இனத்தை உருவாக்க வேண்டும். "பாஷை காலத்தோட மாறணும், அதுதான் அழகு" என்றவர், விளையாட்டை நடத்தும் கொழும்பு நண்பர்.

நான் உருவாக்கிய மலைவாசிகளின் அரசவைக்குப் பெயர் பெரட்டு. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் விடியற்காலையில் கூடி, இன்று யாருக்கு எந்த மலையில் வேலை என்று கேட்டுக்கொள்வோமே, அந்தப் பெரட்டு. வெள்ளைக்காரனின் 'பரேட்' எங்கள் வாயில் கிடந்து அப்படி மாறியது.

இன்று பசறை பஸ்ஸில் வரும்போது கொழும்பு நண்பரின் குரல் செய்தி வந்தது.

"பெரட்டு சரியான தமிழ் இல்ல தங்கச்சி, 'பேரவை'ன்னு மாத்திட்டேன். உங்க தோட்டப் பேச்ச பூதங்களுக்குக் குடுத்துட்டேன், காமெடியா இருக்கும்."

விளையாட்டில் அவர் உருவாக்கிய தேவர் இனம் குள்ளர் இனத்திடம் சொல்லைக் கடன் வாங்கினால் மொழி வளர்ச்சி. நாங்கள் வெள்ளைக்காரனிடம் வாங்கினால் காமெடி!

பக்கத்தில் இருந்த என் தோழி செல்வியும் கேட்டுவிட்டாள். "ஏன்டி, அப்ப பூதம்னா நம்மதானா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடனே பதில் போட்டேன்: "நாளைக்குப் பூதங்க பெரட்டு கூடுதுங்க. நீங்களும் வாங்க, உங்களுக்கு எந்த மலையில வேலைன்னு சொல்றோம்."

பார்த்துவிட்டார்.

பதிலை முடிவு செய்ய அவருடைய பேரவை இன்னும் கூடவில்லை போல.