இடிந்த தொட்டியில் கூப்பிட்ட காடை

இது நடந்தது. கட்டிவிட்ட கதை என்று நினைப்பவர்கள் பாலைவன ஓரத்து அஹோ ஊருக்குப் போய் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். எலாடியோவின் மனைவி ஹெர்மினியாவிடம் மட்டும் கேட்காதீர்கள். பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை நான். அந்தக் குடும்பத்துக்கு எதிர்வீட்டில் பல வருடம் குடியிருந்தவன், அவ்வளவுதான். எலாடியோ பொய் சொல்லத் தெரியாதவர். மான் சுடாமல் திரும்பினால் சுடவில்லை என்றே சொல்லிவிடுவார். வேட்டைக்காரர்களில் அப்படி ஒருத்தரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

அவருடைய ஒரே மகன் நெஸ்தோர். இரண்டு வருடத்துக்கு முன்னால், செப்டம்பர் கடைசியில், மான் சீசனும் காடை சீசனும் தொடங்குவதற்கு முன்பு, தடம் பார்க்கத் தனியாகப் பாலைவனத்துக்குள் போனான். வண்டி கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. ஒன்பது நாள் தேடினார்கள். ஹெலிகாப்டர் வந்தது, நாய்கள் வந்தன. தாகத்தில் வழி தவறியவன் தண்ணீரைத் தேடித்தான் போயிருப்பான் என்று, அந்த வட்டாரத்தில் தண்ணீர் இருந்த ஒவ்வொரு குட்டையையும் தொட்டியையும் சல்லடை போட்டுச் சலித்தார்கள். வேட்டைக்காரன் புத்தி அப்படித்தான் போகும். தண்ணீர் இல்லாத இடத்தில் மான் இருக்காது, காடை இருக்காது, மனிதனும் இருக்க மாட்டான் என்பது அவர்கள் கணக்கு.

ஹெர்மினியா அடக்கப் பூசைக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. பாதிரியார் இரண்டு முறை வீட்டுக்கு வந்து பேசிப் பார்த்தார். என் பிள்ளையின் ஓர் எலும்பாவது கொண்டு வாருங்கள், அப்புறம் கோயிலில் மணி அடியுங்கள் என்று சொல்லிவிட்டாள். அவனுடைய போன் நம்பரை ரத்து செய்யவும் விடவில்லை. சமைத்துக்கொண்டே ஒரு கையால் அந்த நம்பரைப் போட்டுக் காதில் வைப்பதை நானே பார்த்திருக்கிறேன். எலாடியோ அப்போதெல்லாம் எழுந்து கொல்லைப்புறம் போய்விடுவார்.

இந்த வருடம் குலுக்கலில் அவருக்கு மான் சுடும் அனுமதிச் சீட்டு விழுந்தது, அதே வட்டாரத்துக்கு. தடம் பார்க்கப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொன்னார். எதைப் பார்க்கப் போகிறார் என்று ஊருக்கே தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை. துணைக்கு ஹசிந்தோ போனார். சுரங்கத்தில் ஒன்றாக வேலை பார்த்த காலத்திலிருந்து கூட்டாளி, நெஸ்தோருக்கு ஞானத்தகப்பன். வாய் ஓயாமல் பேசுகிற மனிதர்.

சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு மேட்டில் ஏறி உட்கார்ந்தார்கள். பைனாகுலரை ஸ்டாண்டில் பூட்டி எதிர்ச் சரிவைப் பார்த்தார்கள். அந்த வெயிலில் மான் நிழல் பக்கம்தான் எழுந்து வரும். ஹசிந்தோ பொரித்த பீன்ஸ் சுருட்டிய ரொட்டியைத் தின்றுகொண்டே குறை சொன்னார்.

"உன் பொண்டாட்டிக்கு என்மேல என்னடா கோவம்? மிளகாயக் கண்ணுலயே காட்டல."

"உனக்கு நெஞ்செரிச்சல்னு சொன்னேன்."

"அதச் சொல்ல உன்ன யாரு கேட்டா?"

எலாடியோ சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அது ஒரு தடவைதான்.

ஐந்து மணிக்குப் பெண்மான் இரண்டு. கொஞ்ச நேரத்தில் ஒரு காடைக் கூட்டம், கள்ளிகளுக்கு நடுவே வரிசையாக நடந்து வந்தது. ஹசிந்தோ காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று மேட்டின் மறுபக்கம் போனார். எலாடியோ காடைகளைப் பைனாகுலரில் பின்தொடர்ந்தார்.

மணி ஐந்து நாற்பது.

காடைகள் நின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான்.

பாறையில் முதுகைச் சாய்த்து, இடது காலை நீட்டி, முகத்தில் பைனாகுலரை வைத்துக்கொண்டு இவரையே பார்த்துக்கொண்டிருந்தான். வேறு வேட்டைக்காரன் என்றுதான் எலாடியோ முதலில் நினைத்தார். ஆனால் காடைகள் அவன் பூட்ஸை உரசிக்கொண்டு நடந்தன. மனிதன் சுண்டுவிரலை அசைத்தால் சிட்டாய்ப் பறக்கிற பறவை அது.

அப்புறம் அந்தக் கண்ணாடி மின்னியது.

சூரியன் அந்த மலைக்குப் பின்னால் போய்விட்டது. அந்தச் சரிவு முழுக்க நிழல். வெயில் நேராகப் படாமல் கண்ணாடி மின்னாது... அது மின்னியது. மறுபடியும் மின்னியது.

நெஸ்தோருக்குச் சின்ன வயதில் குதிரை உதைத்து இடது முழங்கால் போனது. உட்கார்ந்தால் அந்தக் காலை நீட்டித்தான் உட்காருவான்.

எலாடியோ கத்தவில்லை. திரும்பி வந்த ஹசிந்தோவை மெல்லக் கூப்பிட்டார். பைனாகுலரை அசைக்காமல் அப்படியே பார்க்கச் சொன்னார். ஹசிந்தோ நெடுநேரம் பார்த்தார்.

"பாறைதான்டா இருக்கு."

"பாறையில யாரு?"

"யாரும் இல்ல. ஆனா இந்தக் காடைங்க..." ஹசிந்தோ கண்ணை எடுத்தார். "ஏன்டா இதுங்க வட்டமா நிக்குது?"

எலாடியோ குனிந்து பார்த்தார். பாறை இருந்தது. ஆள் இல்லை. பாறைக்குக் கீழே உடைந்த சிமெண்டுத் தளம் ஒன்று தெரிந்தது. காடைகளுக்குத் தண்ணீர் தேங்கட்டும் என்று எந்தக் காலத்திலோ தரைக்கடியில் கட்டி, மேலே பலகைபோல் சிமெண்ட் போட்டு மூடிய தொட்டி. வாய்ப்பக்கத்துச் சரிவில் பறவைகள் நடந்து இறங்கிக் குடிக்கும். அது வறண்டு, கூரை பாதி இடிந்து, கைவிட்ட தொட்டி என்று வரைபடத்தில் அடித்தே போட்டிருந்தார்கள். தேடியவர்கள் யாரும் அங்கே நிற்கவில்லை.

ஆறு இருபதுக்குச் சத்தம் கேட்டது.

கு-க்கா-கோ-கோ...

கூட்டம் சிதறிய காடை மற்றதைக் கூப்பிடுகிற சத்தம். வேட்டையில் கத்தினால் மான் ஓடிவிடும் என்று, அப்பனும் மகனும் ஒருவரை ஒருவர் தேட அந்தச் சத்தத்தைத்தான் ஊதுவார்கள். ஆளுக்கொரு ஊதல் கழுத்தில் கயிற்றில் தொங்கும். நெஸ்தோருக்குக் கடைசி 'கோ' மட்டும் என்றைக்கும் சரியாக வந்ததில்லை, இரண்டாகப் பிளந்துவிடும். நீ ஊதினால் செவிட்டுக் காடைதான் வரும் என்று எலாடியோ அவனைக் கேலி செய்வார்.

கு-க்கா-கோ-கோ.

கடைசி 'கோ' பிளந்திருந்தது.

"இந்நேரத்துக்குக் காடை கூப்பிடாது," என்றார் எலாடியோ. "மரத்துல ஏறி அடைஞ்சிருக்கும்."

ஹசிந்தோ தொட்டிப் பக்கமே பார்த்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

எலாடியோ தன் ஊதலை எடுத்தார். உதடு ஒட்டவில்லை. இரண்டாம் முறைதான் சத்தம் வந்தது.

உடனே பதில் வந்தது.

அவர் ஓடினார். வாய்க்கால் பள்ளத்தில் இறங்கி, சீமைக்கருவேல முள் கையைக் கிழிக்க, எதிர்ச் சரிவில் ஏறினார். இருட்டிக்கொண்டு வந்தது.

ஊதினார்.

பதில் வந்தது. கிட்டத்தில்.

ஏறினார். ஊதினார்.

இன்னும் கிட்டத்தில்...

சிமெண்டுத் தளத்தில் கால் வைத்தார். காடைகள் அங்கேயே நின்றிருந்தன. ஒன்றும் பறக்கவில்லை. விலகி வழி விட்டன.

ஊதினார்.

காலுக்குக் கீழேயிருந்து பதில் வந்தது.

மண்ணுக்குள்ளிருந்து.

"நெஸ்தோர்," என்றார். "அப்பா வந்துட்டேன்டா."

அதற்குப் பிறகு சத்தம் இல்லை.

ஹசிந்தோ டார்ச்சோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது, எலாடியோ முழங்காலில் நின்று கையாலேயே மண்ணை அள்ளிக்கொண்டிருந்தார். நகங்கள் பெயர்ந்திருந்தன. டார்ச் வெளிச்சத்தில், சாய்ந்து விழுந்த சிமெண்ட் பலகைக்கு அடியில், ஒரு பூட்ஸின் அடிப்பாகம் தெரிந்தது. அதை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடிகிறவரை உட்கார்ந்திருந்தார். ஹசிந்தோ போன் செய்து சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். அவரால் வேறென்ன செய்ய முடியும்.

காலையில் போலீஸ்காரர்கள் வந்து பலகையைத் தூக்கினார்கள். உள்ளே தண்ணீர் ஊறியிருக்கிறதா என்று பார்க்க நெஸ்தோர் தவழ்ந்து போயிருக்கிறான், மிச்சமிருந்த கூரை இறங்கிவிட்டது. அவன் கழுத்தில் ஊதல் இருந்தது. எலும்போடு எலும்பாக நசுங்கித் தகடாய்க் கிடந்தது. அதில் ஒரு சிற்றெறும்புகூட நுழைய இடமில்லை.

அடுத்த வாரம் எலாடியோ வீட்டுச் சமையலறையில் நான்கு பேர் இருந்தோம். அவர், ஹெர்மினியா, ஹசிந்தோ, நான். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் சொன்னதை எலாடியோ மெல்லச் சொன்னார். மண்டையும் நெஞ்சும் ஒரே அடியில் போயிருக்கின்றன. வலி தெரிந்திருக்காது. போன அன்றைக்கே, அவனைக் காணோம் என்று ஊர் தேடத் தொடங்குவதற்கு முன்பே, எல்லாம் முடிந்துவிட்டது. தாகத்தால் துடித்திருப்பானோ என்று இரண்டு வருடமாக வெந்துகொண்டிருந்த தாய்க்கு அது ஒரு ஆறுதல்தான். அவளும் தலையாட்டினாள். பூசைக்கு நாள் பார்க்கச் சொன்னாள்.

அப்போதுதான் ஹசிந்தோ மேசையில் தலையை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழத் தொடங்கினார்.

"நான் கேட்டேன்," என்றார். "தேடப் போனப்ப, அந்தத் தொட்டிக்கு மேல நடந்து போனேன். பொழுது சாயற நேரம். காடை கூப்பிட்டுச்சு. கடைசிச் சத்தம் ஒடஞ்சு... குஞ்சுக் காடைன்னு நெனச்சேன். இன்னும் கூப்பிடத் தெரியாத குஞ்சுன்னு நெனச்சுப் போயிட்டேன்."

ஹெர்மினியா அவரைத் திட்டவில்லை. "அது எத்தனாவது நாள்?" என்று மட்டும் கேட்டாள்.

"மூணாவது நாள்."

எலாடியோ மனைவியின் கையைப் பிடிக்கப் போனார். அவள் கொடுக்கவில்லை. எழுந்து, குழாயைத் திறந்து, ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து, குடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வலி தெரிஞ்சிருக்காதுன்னு சொல்றீங்க," என்றாள். "செத்ததுக்கப்புறமும் கூப்பிட்டிருக்கான். ரெண்டு வருஷமா ஊதியிருக்கான். எம்பிள்ளைக்கு எவ்வளவு தாகமா இருந்திருக்கும்."