பெரட்டில் ஐந்து நிமிட மௌனம்

தன்னைத் தானே மன்னித்துக்கொண்ட மேலதிகாரியிடம் பதில் கேட்பது தவறா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நலன்புரி உத்தியோகத்தராக இருக்கிறேன். காலையில் மகளைத் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடுவேன். வேலை பிரித்துக் கொடுக்கும் அந்த இடத்தில்தான் பெண்கள் தங்கள் குறைகளைத் தோட்டத்தை நடத்தும் துரையிடம் சத்தமாகச் சொல்வார்கள். லயத்து வீட்டுக் கூரை, தண்ணீர்க் குழாய் எல்லாம் அங்கேதான்.

புதிதாக வந்த துரை தியானம் பழகியவர். யாரையும் ஏச மாட்டார். குறை சொல்லும் நேரத்தை ஐந்து நிமிட மௌனமாக்கினார். "வெளிய குறை தேடாதீங்க. கண்ண மூடி உள்ளுக்குப் பாருங்க" என்பார். முதலில் எனக்கும் பிடித்திருந்தது. முந்தைய துரையின் வசவுகளை என் காது மறக்கவில்லை.

ஓடைப் பாலத்தின் பலகை உளுத்துக் கிடந்தது. அவரிடம் சொன்னேன். "பயம் உங்க மனசுலதான் இருக்கு, மிஸ்" என்று சிரித்தார். மழை நாளொன்றில் கொழுந்துக் கூடையோடு செல்வியக்கா அங்கே விழுந்தார். கால் முறிந்து பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

மறுநாள் பெரட்டில் துரை கைகூப்பினார். "யாரையும் குத்தம் சொல்ல வேணாம். என்னையே நான் விசாரிச்சேன். என்னை நான் மன்னிச்சுட்டேன். நீங்களும் உள்ள பாருங்க."

எல்லோரும் கண்களை மூடினார்கள். நான் மூடவில்லை.

"சேர், விழுந்தது செல்வியக்கா. மன்னிக்கிறதுன்னா அவங்கதானே மன்னிக்கணும்? பாலத்த எப்ப செய்வீங்க?"

பின்வரிசையிலிருந்து மாரியாயி கேட்டார். "அப்ப நாங்களும் கண்ண தொறக்கலாமா மிஸ்? உள்ள எவ்வளவு பாத்தாலும் இருட்டாத்தான் இருக்கு."

சிரிப்பு அடங்க நேரமானது. அன்று மாலையே புதுப் பலகை வந்தது. துரையின் அலுவலகத்துக்கு வரச்சொல்லி எனக்கும் அழைப்பு வந்தது.

"உங்களுக்குள்ள நெறைய கோவம் இருக்கு, மிஸ். அடுத்த மாசத்துல இருந்து மௌனத்த நீங்களே நடத்துங்க. முடியாட்டி மடுல்சீமைப் பக்கம் அமைதியான டிவிஷன் ஒண்ணு இருக்கு."

"நடத்துறேன், சேர். முதல்ல அவங்க குறையக் கேட்டு, யாரு எப்ப செய்வாங்கன்னு நீங்க சொல்லணும். அதுக்குப் பொறகு."

அவர் புன்னகைத்துக் கண்களை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மடுல்சீமை இடமாற்றத்தை நினைத்துப் பார்த்தேன். கைக்குழந்தையோடு அந்த மோசமான பாதையில் போய் யாரை நம்பி இருப்பேன்? என் பேச்சில் அகந்தை இருந்ததோ என்று திரும்பத் திரும்ப யோசித்தேன். ஆனாலும் சொன்னதை மாற்றப் போவதில்லை. உள்ளே பார்ப்பது அவரவர் சொந்த வேலை. பாலம் பார்ப்பது தோட்டத்து வேலை. ஒன்றைச் செய்தால் மற்றது முடிந்துவிடாது.

ஏசுகிறவருக்குப் பதில் சொல்லப் பழகியிருக்கிறேன். புன்னகைக்கிறவர் முன்னால் விட்டுக்கொடுக்காமல் நிற்பது எப்படி? இப்படியொருவரிடம் வேலை செய்தவர்கள் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். பொறுத்துப் போ என்று மட்டும் எழுதாதீர்கள்.