ஏணியார் கேட்டுக்குத் தலை கொடுத்த கதை

தீயணைப்பு நிலையத்தில் அவருக்கு ஏணி என்று பெயர். ஆள் அவ்வளவு உயரம். கூட வேலை பார்க்கிற இளவட்டங்கள் ‘ஏணியண்ணே’ என்பார்கள். நாம் மரியாதையாக ஏணியார் என்றே வைத்துக்கொள்வோம். எரிகிற வீட்டுக்குள் சிரித்துக்கொண்டே நுழைகிற மனுஷர், ஒரு நாய்க்குட்டி என்றால் மட்டும் தொடை நடுங்குவார். கடித்துவிடும் என்று அல்ல, அதற்கு ஏதாவது ஆகிவிடும் என்று!

அவரைக் குறை சொல்லவும் முடியாது. கிணற்றில் விழுந்த ஆடு, குழாய்க்குள் போன பூனை, ஜன்னல் கம்பியில் மாட்டிய நாய் என்று பார்த்துப் பார்த்து அவர் கண்ணே மாறிப்போயிருந்தது. நமக்கு ஒரு வீட்டைப் பார்த்தால் வீடு தெரியும். அவருக்கு, எந்தப் பிராணி எந்தச் சந்தில் மாட்டும் என்பதுதான் தெரியும்.

அவர் மனைவி அச்சகத்தில் புத்தகம் தைக்கிறவள். மகள் கல்யாணமாகி வெளியூர் போன பிறகு, இவருக்கு ராத்திரி டியூட்டி வந்தால் அவளுக்குப் பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது.

“சுவரோட எவ்வளவு நேரம்தாங்க பேசறது? ஒரு நாய்க்குட்டி வளர்க்கலாம்” என்றாள் ஒருநாள்.

ஏணியார் மாட்டேன் என்று சொல்லவே இல்லை. “வளர்க்கலாமே! வீட்டை மட்டும் கொஞ்சம் சரி பண்ணிடறேன்” என்றார்.

அந்தக் ‘கொஞ்சம்’ இருக்கிறதே, அனுமார் வாலாக நீண்டது. முதலில் தரையில் கிடந்த ஒயர்களெல்லாம் குழாய்க்குள் போயின. தரை துடைக்கிற மருந்து, எலி மருந்து, தலைவலி மாத்திரை எல்லாம் பரணுக்கு ஏறின. அதன் பிறகு அவளுக்குத் தலைவலி வந்தால் ஸ்டூல் போட்டு ஏற வேண்டியிருந்தது. ஏறி இறங்கினால் இடுப்புவலியும் சேர்ந்து வந்தது. குப்பைக்கூடைக்கு ஒரு பூட்டு போட்டார், சாவியை எங்கேயோ வைத்துவிட்டுக் குப்பையை அடுப்புமேடையிலேயே குவித்தார். பின்பக்கம் அவள் ஆசையாக வளர்த்த அரளி, நாய் தின்றால் ஆபத்து என்று வேரோடு போனது. தண்ணீர்த் தொட்டிக்கு அவர் போட்ட மூடியை அவர் ஒருவரால்தான் தூக்க முடியும். அவர் டியூட்டிக்குப் போய்விட்டால் குளியல் இல்லை.

இதற்குள் பேசிவைத்த குட்டிகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. ஒன்று தபால்காரர் வீட்டுக்கு, இன்னொன்று பல் டாக்டர் வீட்டுக்கு.

கடைசியில் ரொட்டிக்கடை அக்காவிடம் ஒரே ஒரு குட்டி மிஞ்சியது. “இன்னைக்குக் கடை சாத்தறதுக்குள்ள வந்தா உனக்கு. இல்லேன்னா மாவுமில்காரர் கேட்டுக்கிட்டே இருக்கார், குடுத்துடுவேன்” என்று அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள்.

“இன்னைக்கும் இல்லேன்னா விடுங்க. இனிமே நாய்ங்கிற பேச்சையே நான் எடுக்கல” என்றாள் மனைவி. கத்தியிருந்தால் ஏணியார் சமாளித்திருப்பார். மெதுவாகச் சொன்னதுதான் அவரைக் கலக்கிவிட்டது.

“கேட் ஒண்ணுதான் பாக்கி. அரை நிமிஷம்” என்று வாசலுக்கு ஓடினார்.

கேட்டின் அடிப்பாகம் முழுக்க ஏற்கெனவே வலை அடித்தாகிவிட்டது. குட்டி என்ன, குட்டியின் வால்கூட வெளியே போகாது. ஆனால் முழங்கால் உயரத்தில், அழகுக்கென்று எந்தப் புண்ணியவானோ வைத்த ஓர் இரும்பு வளையம் இருந்தது. குட்டி எத்தனை நாளைக்குக் குட்டியாக இருக்கும்? வளர்ந்தால் தெருவை வேடிக்கை பார்க்க இதற்குள் தலையை விடாதா? தலை போகிறபோது காது மடங்கிக்கொடுக்கும், திரும்புகிறபோது கொடுக்காது. இந்த மாதிரி வளையத்திலிருந்து அவர் எத்தனை நாய்களை மீட்டிருக்கிறார்!

வேறு யாராவது என்றால் ஒரு பந்தை விட்டுப் பார்த்திருப்பார்கள். ஏணியார் மண்டியிட்டுத் தன் தலையையே விட்டுப் பார்த்தார்.

போயிற்று. “நான் நினைச்சது சரிதான்!” என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு தலையை இழுத்தார்.

வரவில்லை.

மனைவி வந்து பார்த்தபோது உடம்பு உள்ளே, தலை தெருவிலே. சமையல் எண்ணெயைக் கொண்டுவந்து, கம்பிச் சந்து வழியாகக் கையை விட்டுக் காதுகளில் ஊற்றினாள். பாத்திரம் கழுவுகிற சோப்பைப் பூசினாள். தலை பளபளத்ததே தவிர நகரவில்லை. முதலில் பதறியவள், எதிர்வீட்டுத் தையல்காரர் தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்காருவதைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு, “நான் ஸ்டேஷனுக்குப் போன் பண்றேன்” என்றாள்.

“ஐயோ வேண்டாம், மானம் கப்பலேறிடும்!”

“அது கரை தாண்டி ரொம்ப நேரமாச்சு.”

“அப்போ சைரன் வேண்டாம்னாவது சொல்லு!”

சைரன் போட்டுக்கொண்டுதான் வந்தார்கள். அவசரம் என்றால் சைரன் இல்லாமல் போகக்கூடாது என்று அவர்களுக்குப் படித்துப் படித்துச் சொன்னவரே இவர்தான். தெருவில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். வண்டியிலிருந்து குதித்த பையன்கள், “ஏணியண்ணே, உள்ளே போறீங்களா, வெளியே வர்றீங்களா?” என்று கேட்டுவிட்டு, ஒருவன் தோளில் ஒருவன் விழுந்து சிரித்தார்கள்.

நிலைய அதிகாரி மட்டும் சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார். “மண்டை பூரா எண்ணெய். மிஷின் வெச்சு அறுத்தா பொறி பறக்கும், பத்திக்கும். கேட்டையே கழட்டி, ஆளோட வண்டியில ஏத்திடுவோம். பட்டறையில வெச்சு மெதுவா எடுத்துக்கலாம். கேட் ரெண்டு நாள்ல திரும்பி வந்துடும்.”

“கேட்டைக் கழட்டவா?” ஏணியார் அலறினார். “நல்லா இருக்கு சார் நீங்க சொல்றது! ரெண்டு நாள் வாசல் திறந்து கிடந்தா குட்டி தெருவுக்கு ஓடிடாதா? வண்டி கிண்டி வந்தா யார் பதில் சொல்றது?”

எல்லோரும் குட்டியைத் தேடி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

“எந்தக் குட்டி?” என்றாள் மனைவி.

ஏணியார் கண்ணை மூடிக்கொண்டார். ஓடி ஒளியவும் வழியில்லை, தலை எல்லோர் முன்னாலும் இருந்தது.

“உங்களைத்தான் கேக்கறேன். எந்தக் குட்டி?”

“நம்ம குட்டிதான்” என்றார். “வேலையில சேர்ந்த புதுசுல ஒரு குட்டியை சாக்கடைக் குழாய்லேர்ந்து எடுத்தேன். என் கையிலேயே போயிடுச்சு. நம்ம வீட்லயும் அப்படி ஆயிடுமோன்னு பயம். அதான் ஒவ்வொரு வேலையா இழுத்துக்கிட்டே இருந்தேன். உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

அவள் அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். மறுபடியும் கம்பிச் சந்தில் கையை விட்டு, எண்ணெய் வழிகிற அந்தத் தலையை முந்தானையால் துடைத்தாள். எத்தனையோ திட்டத் தயாராக வந்தவள், “மடப்பய மனுஷா” என்று மட்டும் சொன்னாள்.

“போ, கடை சாத்திடப் போறாங்க” என்றார். “நான் எங்கே போயிடப் போறேன்? இங்கேதான் இருப்பேன். சார், கைரம்பத்துலேயே அறுங்க. நேரமானாலும் பரவாயில்லை.”

அவள் வெளியே போகக் கேட்டைத் திறக்க வேண்டும். கேட் உள்பக்கமாகத் திறப்பது. திறக்கத் திறக்க ஏணியார் முழங்காலாலேயே பின்னுக்கு நகர்ந்து வழிவிட்டார். தையல்காரர் எழுந்து நின்று கைதட்டினார். அவள் அச்சகத்துக்குப் போகும்போதுகூட அப்படி ஓடியதில்லை. ஒரு செருப்பு தெருமுனையிலேயே கழன்று கிடந்தது.

வளையம் பாதி அறுந்திருந்தபோது, மார்போடு அணைத்த குட்டியுடன் அவள் திரும்பி வந்தாள். தவிட்டு நிறம், ஒரு காது மட்டும் வெள்ளை. வந்ததும் வராததுமாக அது ஏணியார் முகத்தை முகர்ந்து, காதிலிருந்த எண்ணெயைச் சப்புக்கொட்டி நக்கத் தொடங்கியது.

“ஐயோ! கூசுது! யாராவது பிடிங்களேன்!” என்று அவர் கத்தினார். யாருக்கும் பிடிக்க மனம் வரவில்லை. கத்தியவரே கெக்கெக்கென்று சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கேட் கடகடவென்று ஆடியது.

“இன்னும் கொஞ்சம்தாண்ணே, அறுத்துடறேன்” என்று பையன் ரம்பத்தை எடுத்தான்.

“நிறுத்துடா! முதல்ல கேட்டைச் சாத்தணும்.”

அவளையும் குட்டியையும் உள்ளே விட்டுவிட்டு, முழங்காலால் நகர்ந்து நகர்ந்து, தன் தலையோடு சேர்த்துத் தானே கேட்டைச் சாத்தினார்.

“தாழ்ப்பாள் போட்டியா?”

“போட்டாச்சு.”

“இழுத்துப் பாரு.”

இழுத்துப் பார்த்தாள். அவர் தலையும் கூடவே ஆடியது.

“சரி” என்றார் ஏணியார். “இப்போ இறக்கி விடு.”