எறும்பு மொய்க்காத ஆப்பிள் பை

கமலக்கண்ணன் மாஸ்டர் குனிந்துதான் நடப்பார். கூன் இல்லை, வயதும் அறுபதைத் தாண்டவில்லை. தரையில் எறும்பு போகிறதா என்று பார்த்துக்கொண்டே நடக்கிறார் என்பது, அவர் வீட்டு மாடியில் நான் குடிவந்து சில மாதம் கழித்துத்தான் புரிந்தது. ஒரு வரிசை கண்ணில் பட்டால் நின்றுவிடுவார். அது எந்தச் சந்தில் நுழைகிறது என்று தெரியும்வரை அவரால் நகர முடியாது. பேக்கரி வைத்திருப்பவருக்கு எறும்பு மேல் கண் இருப்பது தொழில் புத்தி என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஆரணியில் தறி வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தும் தறியில் உட்கார முடியாதவர் அவர். கால் மரத்துப்போகிறது என்று சொல்லிவிட்டு இளவயதிலேயே பெங்களூருக்குப் பஸ் ஏறினார். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பழைய பேக்கரியில் தட்டு கழுவ ஆரம்பித்து, மாவு பிசைந்து, மாஸ்டர் ஆனார். ரேணுகாதேவியைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேதான் ஒற்றை அறையில் குடித்தனம். அந்த பேக்கரியில் கிறிஸ்துமஸ் மாதத்தில் ஆப்பிள் பை போடுவார்கள். கீழேயும் மேலேயும் மைதா ஓடு, நடுவில் பட்டைப்பொடி மணக்க, வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து வதக்கிய ஆப்பிள். உடைந்த துண்டுகளை மாஸ்டர் பேப்பரில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவருவார். ரேணுகாதேவி ஓரத்தைத்தான் முதலில் ஒடித்துத் தின்பாராம். நடுப்பகுதியைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, அது தீர்ந்ததும் பேப்பரை முகர்ந்து பார்ப்பாராம்.

மகள் தீபா பிறந்ததும் ஊர் திரும்பினார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவர் பேக்கரி போட்டார். வீட்டில் தன் அம்மா வீட்டுத் தறியைப் போட்டுக்கொண்டு ரேணுகாதேவி பட்டு நெய்தார். ஆரணியில் ஆப்பிள் பை யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. பன்னும் தேங்காய் பிஸ்கட்டும் பிறந்தநாள் கேக்கும் போதுமாக இருந்தது.

ரேணுகாதேவிக்கு சுகர் வந்ததை முதலில் கண்டுபிடித்தவை எறும்புகள். பாத்ரூமில் கூட்டமாக மொய்த்தன. பக்கத்து வீட்டு அபிதகுசாம்பாள் அக்கா பார்த்துவிட்டு, டாக்டரிடம் போகச் சொன்னார். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு துளி சர்க்கரை கிடையாது. கடையில் மூட்டை மூட்டையாகப் பிரிக்கிறவர், வீட்டுக்குக் கிளம்பும்முன் கடைப் பின்கட்டில் முழங்கைவரை கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு வருவார்.

ரேணுகாதேவி ஒளித்து வைத்தார். பட்டுத்துணித் துண்டில் சர்க்கரையை முடிந்து, தறிக்குழிக்குள் பக்கச் சுவரில் இருந்த ஒரு பொந்தில் செருகி வைத்திருந்தார். நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதிக்கிற குழி அது. வேறு யாரும் எட்டிப் பார்க்கப்போவதில்லை. எறும்பு மட்டும் போனது. எறும்பின் பின்னாலேயே மாஸ்டரும் போனார். முடிச்சை எடுத்து சாக்கடையில் கொட்டினார். ரேணுகாதேவி மறுபடி தறியில் போய் உட்கார்ந்தார். தறிச்சத்தம் அன்று வேலை நேரம் முடிந்தும் கேட்டுக்கொண்டிருந்ததாம்.

கொஞ்ச காலம் கழித்து எறும்பு மறுபடி குழிக்குள் இறங்கியது. மாஸ்டர் டார்ச் அடித்துப் பொந்தைத் துழாவினார். எதுவும் இல்லை. ரேணுகாதேவி தறியில்தான் உட்கார்ந்திருந்தார், காலைக் குழிக்குள் விட்டபடி. எங்க வெச்சிருக்கன்னு சொல்லிடு என்று கேட்டார் மாஸ்டர். எதுவும் வெக்கலீங்க என்றார் அவர். மாஸ்டர் நம்பவில்லை. மறுநாளும் டார்ச் எடுத்தார். அதற்கடுத்து நாற்றம் வந்தபோதுதான் இடது பாதத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். மிதிகட்டையின் மரச்சிலாம்பு குத்தி ஏறிப் புண்ணாகி இருந்தது. உணர்ச்சி செத்த கால். ரேணுகாதேவிக்குத் தெரியவே இல்லை. எறும்புகள் அங்கேதான் போய்க்கொண்டிருந்தன.

வேலூரில் பாதத்தை எடுத்தார்கள். அதோடு நிற்கவில்லை. படுக்கையில் கிடந்தவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: அந்த ஆப்பிள் பையில் ஒரு துண்டு. சர்க்கரை இல்லாம செய்யக் கத்துகினு வரேன், அதுவரிக்கும் பொறுத்துக்கோ என்றார் மாஸ்டர். ரேணுகாதேவி பொறுத்துக்கொண்டார். மாஸ்டர் கற்றுக்கொள்ளும்முன் போய்விட்டார்.

நான் குடிவந்தது அதற்கப்புறம். தறியைப் பிரித்து அபிதகுசாம்பாள் வீட்டுக்கு விற்றிருந்தார்கள். குழியில் மண்ணைக் கொட்டி, மேலே சிமென்ட் பூசியிருந்தார்கள். பழைய தரை வெளுத்திருக்க, நடுவில் அந்தச் செவ்வகம் மட்டும் இருட்டாகத் தெரியும். மாஸ்டர் அதன் மேல் நடந்து நான் பார்த்ததில்லை. வாசலுக்குப் போவதற்கும் சுற்றிக்கொண்டுதான் போவார். சுவருக்கு அந்தப்பக்கம் அதே தறி ஓடும். இடது மிதி மட்டும் ஒவ்வொரு தடவையும் லேசாக முனகும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்த முனகல் வந்தால் அவர் கை தட்டிலேயே நின்றுவிடும். பிறகு மெதுவாக அடுத்த கவளம்.

வீட்டுக்குள் எறும்பே இல்லை. அதையும் ஒருநாள் அவர்தான் சொன்னார். அவள் போனதிலிருந்து ஒன்றுகூட வரவில்லையாம். அதைச் சொன்னபோது அவர் குரலில் நிம்மதி இல்லை.

ஆடி அமாவாசை நெருங்கியது. ரேணுகாதேவிக்கு முதல் படையல். ஒரு மாலை மாஸ்டர் போனை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தார். நான் கம்ப்யூட்டரில் பட்டுச் சேலை பார்டருக்கு மாங்காய் டிசைன் போட்டுக்கொண்டிருந்தேன். சுகர் இருப்பவர்களுக்கான லோ கார்ப் ஆப்பிள் பை என்று இங்கிலீஷில் ஒரு பக்கம். படித்துச் சொல்லச் சொன்னார்.

மைதா கூடாது, பாதாம் மாவு. சர்க்கரைக்குப் பதிலாக வேறொரு வெள்ளைப் பொடி. தித்திக்கும், ஆனால் ரத்தத்தில் ஏறாதாம். இதுவரை அவர் தலையாட்டினார். ஆப்பிளிலேயே சர்க்கரை உண்டு என்பதால் ஆப்பிளும் வேண்டாம், அதற்குப் பதில் சௌசௌ போடலாம் என்று படித்தபோது நிறுத்தச் சொன்னார்.

"ஆப்பிள் பையில ஆப்பிளே வேணாம்னு போட்டிருக்கா தம்பி?"

"ஆமாம் மாஸ்டர். பட்டை, எலுமிச்சம்பழம் போட்டு வேகவெச்சா அப்படியே ஆப்பிள் மாதிரி இருக்குமாம்."

மாஸ்டர் ஜன்னலைப் பார்த்தார். "ஆளு இல்லாத வீட்டுக்கு ஆப்பிள் இல்லாத பை. சரிதான்" என்று எழுந்து போனார்.

கடையில் பன் வேலை முடிந்து ஓவன் தணியும் மதிய நேரங்களில் அவர் பை போட்டுப் பழகினார். போய் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பாதாம் மாவுக்கு மைதாவின் பிடிப்பு கிடையாது. கட்டை போட்டு உருட்டினால் விண்டுபோகும். அமாவாசைப் படையலில் முட்டை ஆகாது என்பதால், மாவு பிடிக்க, மலச்சிக்கலுக்குச் சாப்பிடும் இசப்கோல் தவிடு சேர்த்தார். மூன்று பாக்கெட் வாங்கப் போனபோது, வயிறு ரொம்ப பேஜாரா மாஸ்டர் என்று மெடிக்கல் ஷாப்காரர் விசாரித்தாராம். விரலால் தட்டித் தட்டி மாவைத் தட்டில் பரப்பினார். பாதாம் சீக்கிரம் கருகும். ஓரத்தை அலுமினியத் தாளால் மூடினார். ஓரம்தான் முக்கியம் என்றார். ஏன் என்று எனக்குத் தெரிந்திருந்தது, நான் கேட்கவில்லை. சௌசௌவைத் தோல் சீவும்போது பிசின் கையில் காய்ந்து, வேறு யாருடைய தோலோ போல இழுத்தது. மெல்லிய துண்டுகளாக நறுக்கி, எலுமிச்சைச் சாறும் பட்டையும் கிராம்பும் போட்டு, கண்ணாடி மாதிரி ஆகும்வரை வேகவிட்டார்.

முதல் பைகள் நொறுங்கின, கருகின, கசந்தன. கடைசியில் ஒன்று முழுதாக வந்தது. வாயில் போட்டேன். ஆப்பிள்தான். ஆப்பிளை நினைத்துக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்று என்று சொல்லலாம். மாஸ்டர் ருசி பார்க்கவில்லை. அவர் இனிப்பை வாயில் வைப்பதை எப்போதோ விட்டிருந்தார். அவருடைய பரிசோதனை வேறு. ஒரு துண்டை சர்க்கரை மூட்டைக்குப் பக்கத்தில், எறும்பு வழக்கமாகப் போகும் பாதையிலேயே வைத்துவிட்டுக் கடையைச் சாத்தினார். காலையில் வந்து பார்த்தோம். மூட்டையின் வாயில் கறுப்பாக மொய்த்திருந்தது. பைத் துண்டைச் சுற்றிக்கொண்டு வரிசை வளைந்து போயிருந்தது, ஒன்றுகூடத் தொடாமல்.

"சுத்தம்" என்றார் மாஸ்டர். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "இப்ப அவளுக்குக் குடுக்கலாம். தைரியமா குடுக்கலாம்."

அமாவாசையன்று ஆரணியில் கைத்தறிக்கு லீவு. எங்கள் தெருவில் ஒரு தறிகூட ஓடவில்லை. மற்ற நாட்களில் காதில் விழாத சத்தம், இல்லாதபோது காதை அடைத்தது. களம்பூரிலிருந்து மகள் தீபா வந்திருந்தாள். அப்பாவோடு அவள் அதிகம் பேசவில்லை. சோறு, சாம்பார், வடை என்று, பாயசம் மட்டும் இல்லாத படையலைச் சமைத்தாள். அந்தச் செவ்வகத்தின் மேல் ரேணுகாதேவியின் போட்டோவை வைத்து, முன்னால் தலைவாழை இலை போட்டார்கள். இலையின் நடுவில் முழுப் பையையும் வைத்தார் மாஸ்டர். டம்ளரில் விளிம்புவரை தண்ணீர். கற்பூரம் காட்டினார்.

அப்புறம் எங்கள் பக்கத்து வழக்கப்படி எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். செத்தவர்கள் தனியாகத்தான் வந்து சாப்பிடுவார்கள். திரும்பத் திறக்கும்போது தண்ணீர் குறைந்திருக்கும், வடை நகர்ந்திருக்கும், சோற்றில் விரல் பட்ட மாதிரி ஒரு பள்ளம் இருக்கும். அபிதகுசாம்பாள் அக்காவும் தெருவில் வந்து நின்றார். அவருடைய மாமியார் ஒவ்வொரு வருஷமும் காபியில் பாதியைக் குடித்துவிட்டு, வழக்கம்போல டபராவைக் கவிழ்த்தும் வைத்துவிட்டுப் போவதாகச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

மாஸ்டர் கதவிலேயே காதை வைக்காத குறையாக நின்றார். வருவாளா என்பதல்ல, வாங்கிக்கொள்வாளா என்பதுதான் அவர் முகத்தில் இருந்தது. தெரு அத்தனை அமைதி. சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்து, ஓடாத தறியின் இடது மிதி ஒருதரம் முனகினது போல எனக்குக் கேட்டது. மாஸ்டரைப் பார்த்தேன். அவருக்கும் கேட்டிருந்தது.

தொண்டையைச் செருமிவிட்டுக் கதவைத் திறந்தார்.

எதுவும் அசையவில்லை. தண்ணீர் விளிம்பிலேயே நின்றது. பையின் ஓரம் அப்படியே, வட்டமாக, முழுசாக இருந்தது. மாஸ்டர் குனிந்து இலையைச் சுற்றித் தரையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். என்ன தேடுகிறார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

தீபா பையின் ஓரத்தில் ஒரு துண்டை ஒடித்து வாயில் போட்டாள். மென்றாள்.

"இதுலயும் சர்க்கரை போடலயாப்பா?"

"இல்லம்மா."

"செத்த பிறகுமா பத்தியம்?"

 மாஸ்டர் தன் உள்ளங்கையைப் பார்த்தபடி, "போடத்தான் பாத்தேன். கை வரல" என்றார். "அவளுக்குன்னு எடுத்தா, கை வர மாட்டேங்குது."

தீபாவின் முகம் இளகியது. என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையால் டம்ளரின் வெளிப்பக்கத்தைத் துடைத்தாள்.

அபிதகுசாம்பாள் அக்கா தன் வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா. மூடியில் ஆணியால் குத்தி ரேணுகா என்று எழுதியிருந்தது.

"இன்னாத்துக்கு இப்டி பாக்கற மாஸ்டரே. அவளுதுதான். நீ முடிச்சைக் கொட்டின அன்னிலேர்ந்து என் வூட்லதான் வெச்சிருந்தா. நீ எறும்பு பின்னாடி ஓடிகினு இருந்த, அவ செவுரைத் தாண்டி வந்தா. தினம் ஒரு சிட்டிகை, நாக்குல வெச்சிகினு போவா. அதுக்கு மேல ஒருநாளும் கேக்கல."

மாஸ்டர் டப்பாவை வாங்கவில்லை. கையை நீட்டினார், இழுத்துக்கொண்டார். மறுபடி நீட்டினார். கடையில் மூட்டையை ஒற்றைக் கையால் சாய்க்கிறவர். அந்த டப்பாவின் மூடியைத் திறக்க அவரால் முடியவில்லை. தீபா பிடித்துக்கொள்ள, அவர் திறந்தார். அடியில் கட்டிதட்டிப்போன கொஞ்சம் சர்க்கரை. விரலால் சுரண்டி எடுத்து, இலையில் பைக்குப் பக்கத்தில் ஒரு சிட்டிகை வைத்தார். யோசித்தார். பிறகு டப்பாவையே கவிழ்த்துத் தட்டினார்.

திரும்பவும் கற்பூரம் இல்லை. மந்திரமும் இல்லை. வெளியே வந்து கதவைச் சாத்தினோம். இந்தத் தடவை மாஸ்டர் கதவிலிருந்து தள்ளி, தெரு ஓரத்தில் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். சீக்கிரம் திறக்கலாமா என்று தீபா கேட்டாள். அவ மெதுவா சாப்புடுவா, இருக்கட்டும் என்றார் மாஸ்டர்.

வெயில் தெருவின் பாதிக்கு ஏறிய பிறகுதான் கதவைத் திறந்தார்.

புதுச் சிமென்டும் பழைய தரையும் சேரும் இடத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு. அதிலிருந்து எறும்புகள் வந்துகொண்டிருந்தன. இலையின் நரம்பு வழியாக ஏறி, பையைத் தொடாமல் சுற்றி, சர்க்கரைக்குப் போயின. ஒவ்வொன்றும் ஒரு வெள்ளைத் துகளைத் தூக்கிக்கொண்டு, வந்த வழியே வெடிப்புக்குள் இறங்கியது. தறிக்குழி இருந்த இடத்துக்கு. தண்ணீர் குறைந்திருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை.

தீபா மண்டியிட்டு, வெடிப்புக்குப் பக்கத்தில் கன்னத்தை வைத்து உள்ளே பார்க்கப் போனாள்.

"வேணாம்மா" என்றார் மாஸ்டர். "எங்க போவுதுன்னு பாக்காத."

அவர் அந்தச் செவ்வகத்தின் மேலேயே உட்கார்ந்தார். பையின் ஓரத்திலிருந்து ஒரு துண்டை ஒடித்து வாயில் வைத்துக்கொண்டார். வரிசை அவர் இடது பாதத்தை நெருங்கியபோது, தரையைப் பார்க்காமலே காலைச் சற்று நகர்த்தி வழிவிட்டார்.