முந்தானைக்குள் மறைத்த முகம்

இதை எழுத உட்கார்வதும் எழுந்துபோவதுமாக எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது. அந்தப் பயம் மறுபடியும் வந்து ஒட்டிக்கொள்ளுமோ என்றுதான். இன்று ஆண்டாள் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசி. ராஜபாளையத்தில் அண்ணன் புது வீட்டுக்கு வாங்கிய திருஷ்டி முகம், உருட்டு விழியும் கோரைப்பல்லுமாகச் சுவரில் சாய்ந்து நின்றது. அடைக்கோழியைக் கீரி கொண்டுபோய்விட்டதால், முட்டைகளை மூடிய கூடையில் பல்புச் சூட்டில் மதினி பொரிக்க வைத்திருந்தாள். பொரிந்து வந்த குஞ்சுகளைத் தரையில் விட்டுவிட்டு நொய் எடுத்து வந்தோம். அத்தனையும் அந்தக் கோர முகத்தின் அடியில் ஒண்டிக் கிடந்தன. முகத்தை எதிர்ச்சுவருக்கு மாற்றினேன். அங்கேயும் ஓடின. பயத்தில் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தேன்.

மதினிக்கு நிறைமாசம். முன்னே இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்தவள். "ஏட்டி, மொதல்ல பாத்த மொகத்தப் பெத்தவன்னு நெனச்சிருச்சுக. எம்பிள்ள என் மொகத்தத்தான் மொதல்ல பாக்கணும். நீ காட்டிராத" என்று கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். பெண் பிள்ளை. மதினிக்கு மயக்கம் தெளியவில்லை. ரத்தத்துக்காக அண்ணன் அலைந்துகொண்டிருந்தான். மடியில் பிள்ளை வீறிட்டது. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

குஞ்சுகள் கதையையும் சத்தியத்தையும் சொன்னதும் நர்ஸம்மா சிரித்தார். "என்னம்மா, பச்சப்பிள்ளைக்கா முக்காடு? நாந்தான் மொதல்ல பாத்தேன், எங்கூட வந்துட்டாளா? பிள்ளைக பொறக்கும்போதே ஏதாவது ஒரு முகத்தத் தேடும்மா. கோழிக்குஞ்சும் அப்படித்தான், ரெண்டு கண்ணு ஒரு வாய் மாதிரி இருந்தாப் போதும், போயிரும். அது யாரு முகம்னு பொறவுதான் பழகும்."

சொன்னது புரிந்தது, கை இறங்கவில்லை. மதினியின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. இவள் கண் திறக்காமலே போய்விட்டால் இந்தப் பிள்ளை யாரைப் பார்க்கும்? "தாயே, தாயே" என்று ஆண்டாளையே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

வெயில் சாய்ந்தபோது அவள் இமை அசைந்தது. அழுகிற பிள்ளையையும் முக்காட்டையும் பார்த்தாள். "பாவம்டி... காட்டு."

முந்தானையை இறக்கினேன். அழுகை நின்றது. இமைக்காமல் என்னையே பார்த்தது. அவள் பிள்ளையை நான் எடுத்துக்கொண்டதுபோல் இருந்தது.

"போதும், இங்கிட்டுத் திருப்பு" என்றாள் மதினி. திருப்பினேன். அவளையும் அதே பார்வை பார்த்தது.

"கள்ளி, எல்லாரையும் ஒண்ணுபோலப் பாக்கா!" சிரித்தாள், தையல் வலித்து அழுதாள்.

இதை யாரிடமாவது சொன்னால், சாமி வந்தது, பேய் கூப்பிட்டது என்று எதையும் சேர்க்காதீர்கள். பயந்தோம். பிள்ளை முகம் தேடியது. காட்டினோம். அம்புட்டுத்தான்.